வண்டிப் பாடம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. பக்கத்து வீட்டுப் பெண், "நீங்க சொல்லுங்கத்தே, நான் எழுதித் தாரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். சொல்லும்போது எதிரில் இருக்கிற முகத்தைப் பார்த்து வார்த்தையை மாற்றிக்கொள்வேன்; என் குணம் எனக்குத் தெரியும். காகிதத்துக்கு முகம் கிடையாது. நாளுக்கு அரைப் பக்கம் வந்தாலும் போதும்.

கோடை வகுப்பைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து புதிதாகக் காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு, போவதற்கு முன்னாலேயே, அங்கே எப்படிப் படிக்க வேண்டும் என்று பழக்கிவிட்ட வகுப்பு அது. பாடம் சொல்லிக்கொடுக்கிறது இல்லை. படிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. பல வருஷம் அது எங்கள் வீட்டு முன்கூடத்தில், எங்கள் பேச்சில் பட்டாசாலையில், நடந்தது. அதனால் இடம் கொடுத்த அம்மா என்று என் படத்தைப் போடப்போவதாக வந்து சொன்னார்கள். போடட்டும். நல்ல சேலை கட்டித்தான் எடுத்த படம். ஆனால் ஏன் இடம் கொடுத்தேன் என்பதும் அதில் வர வேண்டும். அது வராவிட்டால் படமும் வேண்டாம்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கம். வாய்க்கால் பாய்கிற வயல் கொஞ்சம், மழையைப் பார்த்திருக்கிற காடு கொஞ்சம். காட்டில் கடலை போடுவோம். ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை நான் ஒரு படி கூட்டித்தான் வைத்திருந்தேன். எங்களைப் பெற்ற ஆத்தா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நாலு. அவனைக் குளிப்பாட்டியது, தலை சீவிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது எல்லாம் நான்தான். பிறகு மாமன் மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதே தெருவில் நாலாவது வீடு. எனக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஒரு கால் அந்த வீட்டில், ஒரு கால் இந்த வீட்டில் என்று இருந்துவிட்டேன்.

தம்பி படித்ததெல்லாம் என் முன்னால் நின்று ஒப்பித்துத்தான். நான் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பான். பத்துப் புளியங்கொட்டையை என் இடது பக்கம் வைத்துக்கொள்வேன். அவன் ஒரு பிசகு செய்தால் ஒரு கொட்டையை எடுத்து வலது பக்கம் வைப்பேன். நாலாவது கொட்டை போய்விட்டால் பாடத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடம் என்றால் எனக்குப் புரியும். மேல்வகுப்புப் பாரங்களுக்குப் போனதும் சரித்திரம், பூகோளம் எல்லாமே இங்கிலீஷில் வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் பிசகைப் பிடித்துவிடுவேன்.

எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரே உரலில் இரண்டு பேர் உலக்கை போட்டவர்களுக்கு அது தெரியும். எதிரில் இருப்பவள் ஒரு குத்து தவறினால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கை சொல்லிவிடும். அப்படித்தான். அவன் நாலு நாள் ஒரு பாடத்தை வாய்விட்டுப் படித்தால் அதன் ஓட்டம் எனக்குப் பிடிபட்டுவிடும். பாடங்களுக்கு நானே பெயர் வைத்திருந்தேன். ஒன்று இருமல் பாடம், நடுவில் கரடுமுரடாக நாலு வார்த்தை வரும். ஒன்று தூங்குமூஞ்சிப் பாடம். ஒன்று வண்டிப் பாடம். மேட்டில் மெதுவாக ஏறி, இறக்கத்தில் மாடு தானாக ஓடுவதுபோல் போகும். எந்த ராஜாவைப் பற்றியதோ, எந்த நாட்டுச் சண்டையோ, எனக்குத் தெரியாது. வண்டிப் பாடத்தில் அவன் ஒரு வரியை விட்டால் பாலத்தில் பலகை ஒன்று இல்லாததுபோல் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் தேறினான். இரண்டாம் உலகச் சண்டைக்கு நாலைந்து வருஷம் முந்தி. பெரிய வாத்தியார் எங்களைப் பெற்ற அய்யாவைப் பார்த்து, "உங்க வீட்டுப் பையன் புஸ்தகத்தை அப்படியே இறக்கி வச்சிருக்கான், ஒரு புள்ளி கூட விடலை" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா, யோசித்தாரா என்று அய்யா கவனிக்கவில்லை. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு மூன்று தெருவுக்குச் சொன்னேன். "படிச்சது அவன், பாஸ் பண்ணினது அக்காக்காரி" என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மதுரையில் காலேஜில் இண்டர்மீடியட் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

அந்தக் கோடையில்தான் பக்கத்து ஊர் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர், இந்த வகுப்பை ஆரம்பித்தவர், தம்பியைக் கூப்பிட ஆள் விட்டார். அவர் மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார், அவரும் சின்ன வயதுதான், தம்பிக்கு நாலைந்து வயது மூத்தவர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆனி மாதம் டிரங்குப் பெட்டியோடு போய், தைக்குள் அதே பெட்டியோடு திரும்பி வருவதை அவர் பார்த்திருந்தார். அவரே முதல் வருஷம் தடுமாறி எழுந்தவர். அதனால் அந்த வருஷம் புதிதாகப் போகிற மூன்று பேரைக் கூப்பிட்டு, இருபது இருபத்தைந்து நாள் பழக்கிவிடுகிறேன் என்றார். அவர்கள் வீட்டுக் கடலைக் கொட்டகையில் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மைல். காலையில் கோயில் மணி அடிக்கும்போது தொடங்கி உச்சி மணி அடிக்கும்போது முடியும். தம்பி போனான்.

இரண்டாம் நாள் நான் சோறு எடுத்துக்கொண்டு போனேன். சோறு ஒரு சாக்கு. என் தம்பிக்கு மற்றொருத்தர் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே தட்டிக்கு மறைவில் நின்றேன்.

உள்ளே அவர் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை வேகமாக வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள் குனிந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்னப்பா, நீ எழுதலியா?" என்றார் அவர்.

"கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

"கைய ஏன் கட்டியிருக்க?"

"பெரியவக பேசுறப்ப..."

"நான் பெரியவனா? ஏலே, எனக்கு மீசை மொளைச்சே ரெண்டு வருஷந்தான் ஆகுது." பிள்ளைகள் சிரித்தார்கள். "அங்கன வாத்தியாரு ஒரு மணி நேரம் பேசிட்டுப் போயிருவாரு. அவரு பேசுறது புஸ்தகத்துல இருக்காது. நீ கை கட்டியிருக்கியா, தலை குனிஞ்சிருக்கியான்னு அவரு பார்க்கவும் மாட்டாரு. கைய அவுத்து விடு."

"எழுத வேணாம்ணே. சொல்லிருவேன்" என்றான் தம்பி. சொல்லவும் செய்தான். அவர் வாசித்ததில் ஆரம்பத்துப் பத்துப் பன்னிரண்டு வரியை அப்படியே கடகடவென்று சொன்னான். ஒருதரம் கேட்டதை! வெளியே நின்ற எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரும் அசந்துபோய்ப் புத்தகத்தை மூடினார்.

"சரி. இப்ப இதுல என்ன சொல்லியிருக்கு? தமிழ்லயே சொல்லு. ரெண்டே வரி."

தம்பி விழித்தான். பிறகு முதலிலிருந்து மறுபடியும் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தான்.

"கிராமபோன் பிளேட்டைத் திருப்பிப் போட்டாச்சுடோய்" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பன்பட்டிக்காரரும் சிரித்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"சரி விடு. எங்கிட்ட ஒரு கேள்வி கேளு. உனக்கு வெளங்காத எதுனாலும் கேளு. கேள்வி இல்லைன்னா நீ கேட்கலைன்னு அர்த்தம்."

"பெரியவகள எதுத்துக் கேள்வி கேட்கப்படாதுன்னு அக்கா சொல்லியிருக்குண்ணே."

"அக்காவக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போக முடியாதேப்பா."

"கூட்டிட்டுப் போக வேணாம். அக்கா இங்கனதான் நிக்கிறேன்" என்று உள்ளே போனேன்.

அவர் எழுந்து நின்றார். "வாங்கக்கா. உட்காருங்க."

"உட்கார வரல. நாலு பேரு சிரிக்கிறதுக்காகவா எங்காத்தா எந்தம்பியப் பெத்துப் போட்டுட்டுப் போச்சு?"

"சிரிச்சது தப்புத்தாங்க்கா. ஆனா ஒண்ணு சொல்றேன். இவனுக்கு இருக்கிற ஞாபகம் இங்கன யாருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அது ஒண்ணே போதும்னு இவன் அங்கன போனான்னா சிக்கிக்கிருவான். இன்னும் ஒரு இருபது நாள் விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் தாழ்ந்துதான் பேசினார். அந்தத் தாழ்மைதான் எனக்கு ஆங்காரத்தைக் கிளப்பியது. அவருடைய தாயார் ஒரு காலத்தில் எங்கள் காட்டுக்குக் கூலிக்குக் கடலை பிடுங்க வந்தவர். அது என் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"உங்காத்தா எங்க காட்டுல கடலை புடுங்க வந்தவ. அவ மகன்கிட்ட நின்னுதானா எந்தம்பி கையக் கட்டலாமா அவுக்கலாமான்னு கத்துக்கணும்?"

சிரித்த பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க்கா. அந்தக் கடலையிலதான் நான் படிச்சேன்" என்றார் அவர். கோபம் இல்லாமல் சொன்னார். தம்பியின் நோட்டை எடுத்து மூடி, பென்சிலை அதற்குள் வைத்து, அவன் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் தம்பி, "நல்லாத்தாங்க்கா சொல்லிக்குடுத்தாரு" என்றான்.

"சிரிச்சாகல்ல?"

"சிரிச்சாக. மொத நாளு நாங்க ரெண்டு பேரு இன்னொருத்தனப் பார்த்துச் சிரிச்சோம். இன்னைக்கு எம்முறை. நாளைக்கு வேற யாராச்சும் மாட்டுவான்."

"நாளைக்கு நீ போகல" என்றேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நான் சொல்லி வளர்த்த பிள்ளை அல்லவா.

ஆனியில் தேனிக்குப் போய் ரயில் ஏற்றிவிட்டோம். ஒரு மாதம் கழித்து ஒரு காகிதம் எழுதினான். எனக்குப் புரிய வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தான். "வாத்தியார் ஒரு மணி நேரம் பேசுகிறார். மணி அடித்ததும் போய்விடுகிறார். எந்தப் பக்கம் என்று சொல்வதில்லை. எல்லாரும் எழுதுகிறார்கள். நான் எழுதத் தொடங்கினால் அவர் பேச்சு போய்விடுகிறது. பேச்சைப் பிடித்தால் எழுத்து போய்விடுகிறது." அதைப் படித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும்? இதைத்தானே அந்த மனிதர் சொன்னார் என்று ராயப்பன்பட்டிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் பென்சிலை எடுத்து இரண்டு வரி எழுதினேன். "காதால் கேள். கேட்டதை விடாதே. அக்காவை நினைத்துக்கொள்." அந்த இரண்டு வரி எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. எழுதி முடித்து, நானே நாலு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பொங்கலுக்கு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. காலேஜ் சாப்பாடு சேரவில்லை என்றான். நானும் அதை ஒப்புக்கொண்டு நெய்யாக ஊற்றினேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் வீடு நிறைய ஒறமுறைக்காரர்கள். சின்னமனூரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். கரும்பைக் கடித்துக்கொண்டே, "ஏலே, காலேஜு இங்கிலீஷு எப்படி இருக்கும்? நாங்களும் கேட்குறோமே" என்றார். அய்யாவுக்கும் ஆசை. "சொல்லுடா. அக்கா கொட்டை வச்சுக் கேட்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், எங்கள் வீட்டுக் கொட்டைக் கணக்கு ஊருக்கே தெரியும். நானும் டப்பாவிலிருந்து பத்துக் கொட்டையை எடுத்து இடது பக்கம் வைத்தேன்.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு ஆரம்பித்தான். கடகடவென்று, ஒரு தங்கு தடை இல்லை. பெரியப்பா கடிப்பதை நிறுத்திவிட்டார். தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள்.

மூன்றாவது மூச்சில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேட்டில் மெதுவாக ஏறியது. ஏறி, இறக்கத்தில் மாடு தானாக ஓடியது. அது வண்டிப் பாடம். ஆறாவது பாரத்தில், முந்தின வருஷம், இதே இடத்தில் என்னிடம் இருபது தடவை சொன்ன பாடம்.

அந்தப் பட்டாசாலையில் அத்தனை பேர் இருந்தார்கள், இங்கிலீஷ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தெரிந்தவர் இருந்தாலும், ஏதோ பாடம் என்றுதான் நினைத்திருப்பார். அது பழைய பாடம் என்று கண்டுபிடிக்கக்கூடியவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். காலேஜில் சேர்ந்து ஏழு மாதத்தில் சொல்வதற்கு அவனிடம் ஒரு பாடம்கூட இல்லை. அதைத்தான் அவன் எனக்குச் சொன்னான். வாயால் சொல்ல முடியாததை, எனக்கு மட்டும் கேட்கும்படி, அத்தனை பேர் நடுவில் வைத்துச் சொன்னான். இன்றைக்கு எனக்கு அப்படித்தான் படுகிறது.

முடித்தான். பெரியப்பா, "என்ன ஆத்தா, பிசகு உண்டா?" என்றார்.

அய்யா முகத்தைப் பார்த்தேன். வாசலில் நிற்பவர்களைப் பார்த்தேன். "ஒரு கொட்டை எடுக்கல பெரியப்பா" என்றேன்.

எல்லாரும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். தம்பி மட்டும் இன்னும் கையைக் கட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லீவு முடிந்து அவனைப் பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். கடலை உருண்டை ஒரு டின் நிறையப் பிடித்துக் கொடுத்தேன். மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். டின்னைக் கையில் உருட்டிக்கொண்டே, "அக்கா, ராயப்பன்பட்டிக்காரரு ஊருக்கு வந்திருக்காராம். நாளைக் கழிச்சுத்தான் மதுரைக்குத் திரும்புறாராம்" என்றான்.

அவன் கேட்டது எனக்கு விளங்காமல் இல்லை; அவர் மதுரையிலேயே இருந்தும் என் வார்த்தை இல்லாமல் அவரிடம் போகாத பிள்ளை. போ, நான் சொன்னேன் என்று சொல், அவர் காலில் வேண்டுமானாலும் நான் விழுகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு பஸ்தான் தவறியிருக்கும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஞாபகத்தில் அவனுக்கு இணை இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். இரண்டு மாதம் போதுமாக இருந்திருக்கும்.

"பஸ்ஸு வந்திருச்சு பாரு" என்றேன். அது இன்னும் வளைவுக்கே வரவில்லை, தூசிதான் தெரிந்தது.

பங்குனியில் டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டான். இரண்டாம் வருஷத்துக்கு ஏற்றிவிடவில்லை. சரித்திரப் பேப்பரில், இன்ன சண்டையில் இன்னார் ஏன் தோற்றார், உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்களாம். இவன் யாரிடமோ இரவல் வாங்கிய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை நெட்டுருப் போட்டிருக்கிறான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அப்படியே எழுதிவிட்டான். வாத்தியார் மேலே சிவப்பு மையில், "எல்லாம் இருக்கிறது, கேட்டதற்குப் பதில் எங்கே?" என்று எழுதியிருந்தாராம். இதை அவனே எனக்குத் தமிழில் சொன்னான். "அபிப்பிராயம்னா என்னன்னே எனக்குத் தெரியலக்கா. நமக்குன்னு அப்படி ஒண்ணு இருக்கணுமாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கடலைக் கொட்டகையில் அவனோடு இருந்த மற்ற இரண்டு பேரும் தேறிவிட்டார்கள். அதில் ஒருவன் கிராமபோன் பிளேட்டு என்று கேலி பேசியவன்.

அய்யா, "ஒரு வருஷம் போனது போதும்" என்றார். மறுபடி சேர்க்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் என் சொல்லுக்குத்தான் அவர் இறங்குவார். ஆனால் மறுபடி சேர்ப்பது என்றால் ராயப்பன்பட்டி வாசலில் போய் நிற்க வேண்டும். நான் வாய் திறக்கவில்லை. தெரிந்தவர் மூலமாக மேகமலையில் ஒரு எஸ்டேட்டில் ரைட்டர் வேலை கிடைத்தது. சின்னமனூரிலிருந்து நடந்தே மலை ஏறினான். தினம் காலையில் எத்தனை ஆள் வந்தது, எத்தனை ஆள் வரவில்லை என்று பேர் கூப்பிட்டு எழுதுகிற வேலை. நூற்றுக்கணக்கான பேரையும் ஒரு வாரத்தில் நோட்டைப் பார்க்காமல் கூப்பிட ஆரம்பித்துவிட்டானாம். துரை அதிசயப்பட்டாராம். ஊருக்கு இறங்கி வரும்போதெல்லாம் கெண்டைக்காலில் அட்டை கடித்த தழும்பு புதிதாக நாலு இருக்கும். நான் மஞ்சள் அரைத்துப் போடுவேன். படிப்பைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

ராயப்பன்பட்டிக்காரர் வாத்தியாராகிவிட்டார். ஆனாலும் கோடை வகுப்பை விடவில்லை. ஆண்டுக்கு ஐந்து பேர், ஆறு பேர். சண்டை முடிகிற சமயத்தில் ஒரு சித்திரை மாதம் பெருங்காற்று அடித்துக் கடலைக் கொட்டகையின் கூரை போய்விட்டது. அந்தச் செய்தி என் காதுக்கு வந்தது. அய்யா அப்போது இல்லை. பட்டாசாலை சும்மா கிடந்தது. ஆளை விட்டு, இங்கே வந்து நடத்திக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. இடம் கொடுக்க வரும். அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்லாருக்கீகளாக்கா?" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதுதான் இடம் கொடுத்த கதை.

நான் உள் அறையில் புளியோடு உட்கார்ந்து கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் வேகமாகப் பேசுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். நோட்டில் ஓரமாக ஒரு கோடு போடச் சொல்வார். கோட்டுக்கு இந்தப் பக்கம் வாத்தியார் சொன்னது, அந்தப் பக்கம் உனக்குத் தோன்றியது. அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார். வெறுமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளையிடம் தானே வேண்டுமென்று தப்பாகச் சொல்வார். அது பொறுக்காமல் பிள்ளை, "இல்ல சார்" என்று தொடங்கும். "ஆங், அதுதான் கேள்வி. வெளிய வரட்டும்" என்பார். கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இருபது நாள்கூட வேண்டாம். என் தம்பிக்குப் பத்து நாள் போதும்.

எங்கள் வீட்டில் வகுப்பு நடந்த முதல் வருஷமோ அடுத்த வருஷமோ, மலைக்காய்ச்சலோடு தம்பி இறங்கி வந்து வீட்டில் இருந்தான். காய்ச்சல் விட்ட ஒரு நாள் ராயப்பன்பட்டிக்காரர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இவரு ஞாபகசக்தியில என்னையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருவாரு. ஆனா மொத வருஷம் தாண்டல. ஏன்னு அவரே சொல்வாரு. தேறினவன் சொல்றதவிட இதக் கேளுங்க" என்றார்.

தம்பி எல்லாவற்றையும் சொன்னான். கை கட்டியிருந்தது, எழுத வராதது, அத்தியாயத்தை அப்படியே இறக்கிவைத்தது. கிராமபோன் பிளேட்டைச் சொன்னபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"அப்ப நீங்களும் இந்த வகுப்புக்கு வந்தீகளா?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது. அந்த வருஷம் ஒரு பெண்பிள்ளையும் வந்திருந்தது.

"ரெண்டு நாள் வந்தேன்."

"மூணாம் நாள் ஏன் வரல?"

"சோம்பேறித்தனந்தான். ஒண்ணரை மைலு வெயில்ல நடக்கணுமேன்னு படுத்துக்கிட்டேன்."

"வீட்டுல யாரும் போன்னு சொல்லலியா?"

தம்பி ஒரு மூச்சு தாமதித்தான். பட்டாசாலையில் யாருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"எல்லாரும் போன்னுதான் சொன்னாக. எங்கக்கா சோறு கட்டிக்கூடக் குடுத்துச்சு. நாந்தான் கேட்கல."

ராயப்பன்பட்டிக்காரர் தலை நிமிர்ந்து நான் இருந்த கதவுப் பக்கம் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நாலு எட்டு வைத்தால் பட்டாசாலை. கடலைக் கொட்டகைக்குள் கூப்பிடாமலே நுழையத் தெரிந்த எனக்கு, என் வீட்டுப் பட்டாசாலைக்குள் போக அன்றைக்குக் கால் வரவில்லை. புளியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து, "சரி, நோட்டை எடுங்க" என்றார்.

வகுப்பு கலைந்ததும் தம்பி உள்ளே வந்தான். "மோர் இருக்காக்கா?" என்றான். உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். "நல்ல புள்ளைக" என்றான். அவ்வளவுதான்.

பிறகு எத்தனையோ வருஷம் நானும் அவனும் இருந்தோம். ஒரு நாள்கூட நான் அதை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. ராயப்பன்பட்டிக்காரர் முந்திப் போனார். தம்பி போய் இது மூன்றாவது வருஷம். நான் சொல்வதைக் கேட்டு, அப்படி இல்லை என்று மறுக்க இனி ஆள் இல்லை. அதனால் மலர் போடுகிறவர்கள் என் படத்துக்குக் கீழே இதைப் போட வேண்டும்.

என் தம்பி சோம்பேறி இல்லை. வெயிலுக்குப் பயந்தவனும் இல்லை. அவன் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதில் ஒரு பிசகு இருந்தது. கொட்டையை எடுத்து வைக்க வேண்டியவள் நான், எடுக்காமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவன் போகத்தான் இருந்தான். போகாதே என்றது நான்.